தண்ணி பக்கத்துலதான் இருக்கு

கொஞ்ச மாசமாவே ஒரு வரி என்னை விட மாட்டேங்குது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எகிப்துல மெம்ஃபிஸ் நகரத்துல செத்துப்போன ஒரு பொண்ணு, தானே பேசுற மாதிரி சுண்ணாம்புக்கல்லுல வெட்டி வச்சிருக்கிற வரி. இதைப் பத்தி எழுதணும்னு மூணு தடவ உக்காந்துட்டேன், ஒவ்வொரு தடவையும் நேரா அந்த வரிக்குப் போகப் பாத்து பாதியில நின்னுபோச்சு. அதனால இந்தத் தடவ எனக்கு எப்படி அது வந்து சேந்துச்சோ அதே வழியில, சுத்தி வளைச்சே சொல்லிடறேன்.

ஆரம்பிச்சது எங்க மாமாவால. ஊர்லேருந்து யாரு லண்டனுக்கு வந்தாலும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போற வேலை என்னோடது, டிக்கெட்டும் கிடையாது, மழைக்கும் ஒதுங்கலாம். கீழ்த்தளத்துல எகிப்து சிற்பக் கூடம், ரொசெட்டா கல்லைச் சுத்தி எப்பவும் நாலு வரிசைக்குக் கூட்டம், அப்புறம் ராம்செஸ் தலை, அப்புறம் மாடியேறி மம்மி, அவ்ளோதான் ரூட். சுவரோரமா இருக்கிற நினைவுக்கல்லுங்களை, ஸ்டீலான்னு சொல்வாங்க, நான் யாருக்கும் நின்னு காட்டுனதே இல்ல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஒருத்தர் நாற்காலியில உக்காந்திருப்பார், முன்னாடி ஒரு சின்ன மேசை, மேசை மேல ரொட்டி, மாட்டுக்கால், வாத்து, காய்கறி, சுத்தி எழுத்து. மாமா எழுபது வயசுல கால்வலியோட வந்தவர், பெஞ்சு தேடி அங்க உக்காந்துட்டு, எதிர்ல இருந்த கல்லைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, இதுல என்னப்பா எழுதியிருக்குன்னு கேட்டார். நான் நடந்துக்கிட்டே, "அதெல்லாம் அந்தக் காலத்துப் பணக்காரங்க தங்களைப் பத்திப் பெருமையா எழுதி வச்சது மாமா"ன்னு சொல்லிட்டேன். மாமா திரும்பியும் கல்லைப் பாத்தார். "பெருமை பேசறவன் எதுக்குடா கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்?"

அப்பதான் நானே பாத்தேன். ஒரு கை மார்போட சேந்திருக்கு, இன்னொரு கை மேசையைப் பாத்து நீண்டிருக்கு. விரலுக்கும் ரொட்டிக்கும் நடுவுல கொஞ்சம் எடம். தொடல. பக்கத்துக் கல்லுல பாத்தேன், அங்கயும் அதே கை. அதுக்கடுத்த கல்லுலயும் அதே. அத்தனை பேரும் சாப்பாட்டுப் பக்கம் கை நீட்டிக்கிட்டு நாலாயிரம் வருஷமா உக்காந்திருக்காங்க, நான் நூறு தடவ அவங்களைத் தாண்டிப் போயிருக்கேன். மாமாவுக்கு நான் சொன்ன பதில் தப்புன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு, ஆனா சரியான பதில் என்னன்னு தெரியல, அவர் ஊருக்குப் போன பிறகும் அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

குரல் வெளிய வர்றது

அப்புறம் படிக்க ஆரம்பிச்சேன், ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி ஒரு மணி நேரம். ஹைரோகிளிஃப், அதாவது எகிப்தோட அந்தப் பழைய பட எழுத்து, முழுசாக் கத்துக்கிறது பெரிய வேலை, ஆனா இந்த நினைவுக்கல்லுங்க விஷயத்துல ஒரு வசதி இருக்கு, முக்கால்வாசிக் கல்லு ஒரே வாக்கியத்துல ஆரம்பிக்கும். ஹெடெப் தி நெசு, அதாவது ராஜா குடுக்கிற படையல். ராஜா செத்தவங்களோட தெய்வமான ஒசைரிஸுக்குக் குடுக்கிறார், ஒசைரிஸ் செத்துப்போன இன்னாருக்குக் குடுக்கிறார், ரொட்டி, பீர், மாடு, பறவை, துணி, ஒரு தெய்வம் எதை வச்சு வாழுமோ அந்த நல்ல சுத்தமான பொருள் எல்லாம், இன்னாரோட 'கா'வுக்கு. 'கா'ங்கிறது ஆளோட உயிர்ச்சக்தின்னு வச்சுக்கலாம், செத்த பிறகும் அதுக்குப் பசிக்கும். கடைசில பேர், பேருக்குப் பின்னாடி 'மா கெரூ', குரல் உண்மையானவர்னு அர்த்தம், ஒசைரிஸ் சபையில தீர்ப்பு ஜெயிச்சவங்களுக்குக் குடுக்கிற பட்டம். எந்தப் பக்கத்துலேருந்து படிக்கணும்னா, பறவையும் மனுஷனும் எந்தப் பக்கம் மூஞ்சிய வச்சிருக்காங்களோ அந்தப் பக்கத்துலேருந்து. எதிர்ல போய் அவங்க முகத்தைப் பாத்து ஆரம்பிக்கணும், எனக்கு அது ரொம்பப் புடிச்சுது.

இந்த வாக்கியத்துக்குள்ள ஒரு சொல்லு இருக்கு, பெரெட் கெரூ. படையல்னுதான் மொழிபெயர்ப்பாங்க. ஆனா எழுத்தைப் பிரிச்சுப் பாத்தா ஒரு வீடு, ஒரு துடுப்பு, ஒரு ரொட்டி, ஒரு பீர் ஜாடி. வீட்டுப் படம் 'வெளிய வர்றது'ங்கிற ஓசைக்கு, துடுப்பு 'குரல்'ங்கிற ஓசைக்கு. குரல் வெளிய வர்றது, அதுதான் படையல். யாராவது வாயைத் திறந்து சொன்னா அந்தக் குரல் கூடவே ரொட்டியும் பீரும் வந்து சேரும். ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர்னு சொல்வாங்க, அந்த ஆயிரத்துக்கான எழுத்து ஒரு அல்லிச் செடி, தண்டும் இலையுமா. கல்லு முழுக்க அந்த அல்லி முளைச்சுக் கிடக்கும், ஒவ்வொண்ணும் ஆயிரம்.

இது ஒரே நாள்ல வந்த ஏற்பாடு கிடையாது. பிரமிடு கட்டுன காலத்துலயே கிசாவுல நெஃபெர்டியாபெட்னு ஒரு இளவரசிக்கு ஒரு சின்னப் பலகைக் கல்லு வச்சாங்க, இப்ப பாரிஸ்ல லூவ்ர்ல இருக்கு. புள்ளி போட்ட சிறுத்தைத்தோல் உடுத்திக்கிட்டு மேசை முன்னாடி உக்காந்திருப்பா, ரொட்டியெல்லாம் நெட்டுக்குத்தலா அடுக்கி இருக்கும், அவளும் கை நீட்டிக்கிட்டுதான் இருப்பா. அந்தக் கல்லை அந்தக் காலத்துலயே சுவர் வச்சு மூடிட்டாங்க, அதனாலதான் சாயம் போகாம நாலாயிரத்து ஐந்நூறு வருஷம் தாண்டியும் பளிச்சுன்னு இருக்கு. உசந்த குடும்பங்க கல்லறைச் சுவர்ல ஒரு பொய்க் கதவு செதுக்கி வச்சாங்க, நிலை, கதவு, மேல சுருட்டின பாய் எல்லாம் கல்லுல, திறக்காத கதவு, ஆனா 'கா' அது வழியா வந்து சாப்பிட்டுப் போகும். நிஜ சாப்பாடு வைக்கிறதுக்கு ஒரு பூசாரி, பூசாரிக்குச் சம்பளமா நிலம். சாப்பாடு நின்னுபோனா செதுக்கின சாப்பாடு இருக்கு. செதுக்கின சாப்பாடும் போதலன்னா, குரல்.

அந்தக் குரல் யாரோடதுங்கிறதுதான் என்னைப் புரட்டிப் போட்ட விஷயம். மகனோடது மட்டும் இல்ல, பூசாரியோடது மட்டும் இல்ல. அந்தப் பக்கம் போறவனோடது. நிறைய கல்லுல ஒரு தனி வேண்டுகோள் இருக்கும், பூமியில உயிரோட இருக்கிறவங்களே, ஆத்துல வடக்க போகும்போதோ தெக்க போகும்போதோ இந்தக் கல்லைத் தாண்டிப் போறவங்களே, வாழ்க்கையை விரும்பி சாவை வெறுக்கிறவங்களே, ஆயிரம் ரொட்டி ஆயிரம் பீர்னு எனக்காகச் சொல்லுங்க. உங்க கையில ஒண்ணும் இல்லன்னா வாயால சொல்லுங்க. வாயோட மூச்சு செத்தவங்களுக்கு நல்லது, அது உங்களுக்கு ஒரு களைப்பும் குடுக்காது. சிலதுல ஆசையும் காட்டுவாங்க, இப்படிச் சொன்னா உங்க பதவி உங்க பிள்ளைங்களுக்குப் போகும், உங்க ஊர்த் தெய்வம் உங்களுக்குத் துணையா இருக்கும்னு. ராத்திரி பதினொரு மணிக்கு இதைப் படிச்சுட்டு நான் எழுந்து ரெண்டு தடவ ஹால்ல நடந்தேன். பெருமை பேசறவன் இப்படிக் கேக்க மாட்டான். இது கெஞ்சல். நமக்குச் செலவே வைக்காம, கால்வலி இல்லாம, எப்படியாவது ஒரு மூச்சு வாங்கிடணும்னு யோசிச்சு யோசிச்சு எழுதின கெஞ்சல்.

அபிடோஸ் ரோட்டோரம்

இந்தக் கல்லுங்க அதிகமா இருந்த இடம் எகிப்துல அபிடோஸ்ங்கிற ஊர். அங்கதான் ஒசைரிஸ் கல்லறை இருக்குன்னு நம்புனாங்க. உண்மையில அது முதல் வம்சத்து ஜெர்ங்கிற ராஜாவோட கல்லறை, ஆயிரம் வருஷம் கழிச்சு வந்தவங்க அதையே ஒசைரிஸோடதுன்னு எடுத்துக்கிட்டாங்க. வருஷாவருஷம் கோயில்லேருந்து அந்தக் கல்லறை வரைக்கும் பாலைவனத்துல ஒசைரிஸ் ஊர்வலம். ராஜா செனுஸ்ரெட் மூணாமவர் அனுப்பின இகெர்னோஃப்ரெட்ங்கிற அதிகாரி, சாமி சிலையைப் புதுப்பிச்சு ஊர்வலத்தையும் நடத்திக் குடுத்துட்டு, அதையெல்லாம் தன்னோட கல்லுல எழுதி வச்சிருக்கார், அது இப்ப பெர்லின்ல இருக்கு. ஊர்வலப் பாதையைப் பாத்த மாதிரி மண்ணு செங்கல்லுல சின்னச் சின்னக் கூண்டு கட்டி உள்ள நினைவுக்கல்லை வச்சாங்க. நிறைய பேர் அங்க புதைக்கப்படவே இல்ல, உடம்பு வேற எங்கேயோ இருக்கும், கல்லு மட்டும் இங்க. சாமி போகும்போது பாக்கணும், கூட்டம் போகும்போது படிக்கணும், அதுக்காக. கடைசில இடம் பிடிக்கிறதுல எவ்ளோ நெருக்கடின்னா, பதிமூணாம் வம்சத்துல ராஜாவே எல்லைக்கல்லு நட்டு, இந்தப் பாதைக்குள்ள யாரும் கல்லறை கட்டக்கூடாது, மீறி உள்ள வந்தா எரிச்சுடுவோம்னு எழுதி வச்சார்.

ஒவ்வொரு கூண்டும் ஒரு குடும்பம் மாதிரி. நடுவுல வீட்டுக்காரர், அவர் பொண்டாட்டி, அம்மா, தம்பி தங்கச்சி, அப்புறம் வேலைக்காரங்க. இன்னாரோட மகன்னு சொல்றதை விட, வீட்டம்மா இன்னாருக்குப் பிறந்தவர்னு அம்மா பேரோட எழுதுனதுதான் அதிகம். வளத்த தாதி பேர் இருக்கும், பானம் ஊத்திக் குடுக்கிறவர் பேர் இருக்கும், ஆசியாவுலேருந்து வந்த வேலைக்காரிக்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஒரு கல்லு செதுக்கணும்னா காசு, அதுல எடம் குறைச்சல், அந்த எடத்துல தாதியையும் சமையக்காரரையும் நுழைச்சிருக்காங்க, அவங்களுக்கும் அந்த மூச்சு கிடைக்கட்டும்னு. இதைச் செதுக்குனவங்க பேர் பெரும்பாலும் தெரியாது. ஆனா இர்டிசென்னு ஒரு சிற்பி தனக்கே ஒரு கல்லு வச்சுக்கிட்டார், லூவ்ர்ல இருக்கு. ஆம்பளை நடக்கிறது எப்படி, பொம்பளை வர்றது எப்படி, ஈட்டி எறியறவன் கை எந்த அளவுக்கு உசரும், எல்லாம் எனக்குத் தெரியும், எனக்கும் என் மூத்த மகனுக்கும் மட்டும்தான்னு சொல்றார். அதைப் படிச்ச பிறகு எந்தக் கல்லுல கை நீண்டிருந்தாலும், இந்த நீளம் போதும், தொடக்கூடாதுன்னு யாரோ ஒருத்தர் அளந்து நிறுத்தினார்னு தோணுது.

இப்ப அந்தக் கூண்டுங்க கிடையாது, கல்லுங்க உலகம் பூராச் சிதறிக் கிடக்கு. டுரின் 1824ல வாங்குச்சு, லூவ்ர் 1826லயும் 1827லயும், லைடன் 1828ல, தூதருங்க சேத்து வச்சு வித்த கலெக்‌ஷன்லேருந்து. அதுக்கப்புறம் பிரெஞ்சுத் தொல்லியல்காரர் மாரியெட்டோட ஆளுங்க மிச்சத்தைத் தோண்டி கெய்ரோவுக்கு அனுப்பினாங்க, எந்தக் கல்லு எந்தக் கூண்டுல இருந்துச்சுன்னு சரியாக் குறிச்சு வைக்காமலே. அண்ணன் கல்லு ஒரு நாட்டுல, தம்பி கல்லு இன்னொரு நாட்டுல. 1974ல வில்லியம் கெல்லி சிம்ப்சன்னு ஒரு அறிஞர், பேரையும் உறவுமுறையையும் வச்சு எந்தெந்தக் கல்லு ஒரே குடும்பம்னு காகிதத்துல சேத்து வச்சார். முகம் தெரியாத மனுஷங்களுக்காக ஒருத்தர் அவ்ளோ பொறுமையா உக்காந்து சொந்தம் கண்டுபிடிச்சிருக்கார்ங்கிறது எனக்கு இன்னிக்கும் பெரிய ஆறுதல்.

நம்பிக்கையா, நம்பிக்கை இல்லாமையா

எகிப்துன்னாலே சாவுக்கு அப்புறமான வாழ்க்கையில அசைக்க முடியாத நம்பிக்கை வச்சவங்கன்னுதான் எல்லாரும் சொல்லுவோம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா இந்தக் கல்லுங்களை வரிசையாப் படிச்சா எனக்கு வேற ஒண்ணு தெரியுது. இவங்க கணக்குப் போட்டுப் பாத்திருக்காங்க. மகன் வைப்பான், பேரன் வைப்பான், அதுக்கப்புறம்? அவங்க கண்ணு முன்னாடியே பழைய கல்லறைங்க இடிஞ்சு மணல் மூடிக் கிடந்துச்சு, நிலம் எழுதி வச்ச பூசாரிங்க வம்சமே இல்ல. அசியூட்ல ஜெஃபாய்ஹாப்பின்னு ஒரு கவர்னர், செனுஸ்ரெட் ஒண்ணாமவர் காலம், தன் கல்லறைச் சுவர்ல பத்து ஒப்பந்தத்தை அப்படியே வெட்டி வச்சிருக்கார். எந்தப் பண்டிகைக்கு எந்தப் பூசாரி எத்தனை ரொட்டி, எத்தனை ஜாடி பீர், விளக்குக்குத் திரி யார் குடுக்கணும், அதுக்குப் பதிலா நான் என்ன குடுத்திருக்கேன்னு ஒண்ணு விடாம. பத்திரம் எழுதி வாங்குறவனுக்கு மனசுல பயம் இருக்குன்னுதானே அர்த்தம். அந்தப் பயத்தோட கடைசி எல்லையிலதான் வழிப்போக்கனைக் கூப்பிடுறாங்க. சொந்தம் தீந்துபோகும், சம்பளம் நின்னுபோகும், ஆனா ரோட்டுல யாராவது போய்க்கிட்டேதான் இருப்பாங்க.

அந்தக் கணக்கும் ஒரு நாள் பொய்ச்சுது. படிக்கத் தெரிஞ்சவங்க அந்தக் காலத்துலயே நூத்துக்கு ஒருத்தர் இருந்தாப் பெருசு. அப்புறம் அந்த ஒருத்தரும் இல்லாம போனாங்க. ஹைரோகிளிஃப்ல நமக்குக் கிடைச்ச கடைசிக் கல்வெட்டு ஃபிலே கோயில்ல, கி.பி. 394 ஆகஸ்ட் மாசம். ஷாம்போலியோன்னு ஒரு பிரெஞ்சு அறிஞர் அந்த எழுத்தை மறுபடி படிச்சது 1822. நடுவுல 1,428 வருஷம். அத்தனை வருஷமும் இந்தக் கல்லு அத்தனையும் போற வர்றவங்ககிட்ட கேட்டுக்கிட்டே இருந்திருக்கு, ஒரு ஆளுக்குக் கூட அது கேள்வின்னு தெரியல. கதவுக்கு வெளிய நின்னு தட்டுறவங்க சத்தம் காதுல விழாத மாதிரி. இன்னிக்கு விழுது. ஆனா லேபிள்ல என்ன போடுறோம்? சுண்ணாம்புக்கல், பன்னிரெண்டாம் வம்சம், அபிடோஸ். அவர் கேட்டதை நம்ம பாஷையில ஒரு வரி போட்டா, பத்துப் பேர் தாண்டிப் போனா ஒருத்தராவது உதட்டை அசைக்க மாட்டாங்களா? இது சின்ன விஷயமா எனக்குத் தோணல. ஒவ்வொரு நினைவுக்கல் பக்கத்துலயும் அந்த வேண்டுகோள் வரியை மொழிபெயர்த்து வைக்கணும், முதல் வரியா, வம்சத்துக்கும் கல்லு வகைக்கும் முன்னாடி.

தைம்ஹோடெப்

இவ்ளோ தூரம் வந்த பிறகுதான், முதல்ல சொன்னேனே அந்த மெம்ஃபிஸ் பொண்ணு, தைம்ஹோடெப், அவ கல்லு என் கண்ணுல பட்டுச்சு. பிரிட்டிஷ் மியூசியத்துல எண் 147. மத்ததெல்லாம் விட ரெண்டாயிரம் வருஷம் பிந்தினது, கிளியோபாட்ரா ஆண்ட சமயம். மேல அனுபிஸ், ஒசைரிஸ், ஐசிஸ்னு தெய்வங்க வரிசையா நிக்க, எதிர்ல அவ கும்பிட்டு நிக்கிறா. கி.மு. 73ல பிறந்திருக்கா. 14 வயசுல, 58ல, மெம்ஃபிஸ் ப்தா கோயில் தலைமைப் பூசாரி ப்ஷெரென்ப்தாவுக்குக் கட்டிக் குடுத்தாங்க, சாதாரண ஆள் இல்ல, கிளியோபாட்ராவோட அப்பாவுக்கு முடி சூட்டினவர். வரிசையா மூணும் பொண்ணு. பையன் வேணும்னு ரெண்டு பேரும் இம்ஹோடெப் சாமிகிட்ட வேண்டிக்கிட்டாங்க, சாமி கனவுல வந்து கோயில் திருப்பணி கேட்டார், செஞ்சாங்க, 46ல பையன் பிறந்தான், அவனுக்கு இம்ஹோடெப்னே பேர். நாலு வருஷம் கழிச்சு, 42ல, அவ போயிட்டா. முப்பது வயசு.

இது வரைக்கும் மத்தக் கல்லு மாதிரிதான். அதுக்கப்புறம் அவ புருஷனைப் பாத்துப் பேசுறா. அண்ணா, என் புருஷா, குடிக்கிறதை நிறுத்தாத, சாப்பிடறதை நிறுத்தாத, சந்தோஷமா இரு, ராத்திரி பகல்னு மனசு போற வழியில போ, கவலையை உள்ள விடாத. (அங்க அண்ணன்னும் தங்கச்சின்னும் சொல்றது காதலோட கூப்பிடுற முறை. மேற்குன்னு சொல்றது செத்தவங்க ஊரை.) ஏன்னா மேற்குன்னு சொல்ற அந்த ஊரு தூங்குற ஊரு, இருட்டு கனமா கெடக்கு. இங்க இருக்கிறவங்க எழுந்து தம்பியைப் பாக்கிறது இல்ல, அப்பாவைப் பாக்கிறது இல்ல, அம்மாவைப் பாக்கிறது இல்ல, பொண்டாட்டி பிள்ளைங்களை மனசு மறந்துபோச்சு. சாவோட பேரே 'வா'ங்கிறது, அது கூப்பிட்டா எல்லாரும் உடனே போறாங்க, அம்மாகிட்டேருந்து பிள்ளையைப் பிடுங்கிட்டுப் போகும், கெஞ்சுறவங்க பக்கம் காதைத் திருப்பாது. மூவாயிரம் வருஷமா அந்த நாடு வழக்கமாச் சொல்லிக்கிட்டு வந்ததுக்கு நேர் எதிரா, நாட்டோட பெரிய பூசாரி வீட்டுக் கல்லுலயே இதை வெட்டி வச்சிருக்காங்க.

நடுவுல அந்த வரி. உயிர் குடுக்கிற தண்ணி எல்லாருக்கும் உணவு, எனக்கு அது தாகம். பூமியில இருக்கிறவங்ககிட்ட அது தானா வருது. எனக்குத் தண்ணி பக்கத்துலதான் இருக்கு, ஆனா தாகமா இருக்கு. ஓடுற தண்ணி குடுங்க. தண்ணிகிட்டேருந்து நீ தூரத்துல இல்லன்னு என்கிட்ட சொல்லுங்க. கரையில என் முகத்தை வடக்குக் காத்துப் பக்கம் திருப்பி வைங்க, மனசு கொஞ்சம் குளிரும்.

நான் லேப்டாப்பை மூடிட்டேன். அன்னிக்கு அதுக்கு மேல முடியல.

எங்க அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு மூணு டயாலிசிஸ், நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிதான், அதுலயே காப்பியும் ரசமும் மோரும் அடக்கம். டயாலிசிஸ் பாத்தவங்களுக்குத் தெரியும் அந்தத் தாகம் என்னன்னு. அக்காதான் கூட இருந்து பாத்துக்கிட்டுது, பாட்டில்ல பேனாவால கோடு போட்டு வச்சு, காலையில இவ்ளோ, மத்தியானம் இவ்ளோன்னு. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில, நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டதால அந்த முக்கால் லிட்டரும் கட். பஞ்சை நனைச்சு உதட்டுல வைக்கலாம், அவ்ளோதான். நான் இங்கேருந்து வீடியோ கால்ல இருந்தேன், டிக்கெட் போட்டாச்சு, ஃப்ளைட் மறுநாள். போன் அக்கா கையில, கொஞ்சம் சாஞ்சு இருந்துச்சு. கட்டில் பக்கத்து ஸ்டூல் மேல கூட இருக்கிறவங்களுக்காக ஒரு சொம்பு தண்ணி. அம்மா கை அந்தச் சொம்புப் பக்கம் நீண்டுச்சு. எட்டல. அக்கா சொம்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில வச்சுடுச்சு. அன்னிக்கு ராத்திரி அம்மா போயிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் இந்த ஒம்பது வருஷத்துல அந்தச் சொம்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசினது இல்ல. டாக்டர் சொன்னது சரி, அக்கா செஞ்சதும் சரி, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா மாமா அந்தக் கேள்வியைக் கேட்டப்போ, கல்லுல இருந்த கையைப் பாத்து எனக்கு எதுக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சுன்னு தைம்ஹோடெப்பைப் படிச்ச அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

ரெண்டு நாள் கழிச்சு அக்காவுக்குப் போன் பண்ணேன். என்ன சொல்லி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, எகிப்துல ஒரு கல்லு இருக்குக்கா, படிச்சுக் காட்டவான்னு கேட்டேன். அக்கா வெங்காயம் உரிச்சுக்கிட்டு ஸ்பீக்கர்ல போட்டிருந்துச்சு, சரி படின்னுச்சு. நான் தமிழ்ல சொல்லிக்கிட்டே போனேன். தண்ணி வரி வந்தப்போ குரல் சரியா வரல, அப்படியும் சொல்லி முடிச்சேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கட் ஆயிடுச்சோன்னு ஹலோ ஹலோன்னேன்.

"இருக்கேன்டா." அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அவ முதல்ல புருஷனைத்தானே சாப்பிடச் சொல்றா?"

"ஆமாக்கா. குடி, சாப்பிடு, கவலைப்படாதன்னு."

"நான் சொம்பைக் கீழ வச்சுட்டு நிமிந்தேன் பாரு, அம்மா என்னைப் பாத்து, நீ சாப்பிட்டியாடின்னு கேட்டுச்சு. கோவமே இல்ல அது மூஞ்சில. நான் யார்கிட்டயும் சொல்லல."

நான் அதைக் கேட்டதில்ல. போன் சாஞ்சு இருந்துச்சுன்னு சொன்னேன்ல, எனக்குக் கை மட்டும்தான் தெரிஞ்சுது, குரல் கேக்கல. ஒம்பது வருஷமா என்கிட்ட அந்தக் கை மட்டும் இருந்துச்சு, அக்காகிட்ட அந்தக் குரல் இருந்துச்சு.

அப்புறம் அக்கா வழக்கம் போல கதைக்குள்ள போயிடுச்சு, அந்தப் பொண்ணுக்கு யாராவது தண்ணி வச்சாங்களா, புருஷன் வச்சானான்னு. புருஷன் அடுத்த வருஷமே, 41ல, போயிட்டார்னேன். பையன்? அவன் சின்ன வயசுலயே அப்பா பதவிக்கு வந்தான், 16 வயசுல செத்துட்டான், கி.மு. 30, ரோம்காரங்க எகிப்தைப் பிடிச்ச அதே வருஷம். பன்னெண்டு வருஷத்துல அம்மா, அப்பா, வேண்டிப் பெத்த பிள்ளை, மூணு பேரும் இல்ல. மூணு பொண்ணுங்க இருந்தாங்களேன்னு அக்கா கேட்டுச்சு. அவங்க வச்சிருக்கலாம். ஆனா கல்லுல கடைசி வரி அவங்களைக் கூப்பிடல, புருஷனையும் கூப்பிடல. இந்த இடுகாட்டுக்கு வர்ற எல்லாரும் எனக்கு நெருப்புல சாம்பிராணி போடுங்க, மேற்கோட ஒவ்வொரு பண்டிகைக்கும் தண்ணி ஊத்துங்கன்னு முடியுது. இருட்டு, மறதி, தூக்கம்னு அவ்ளோ சொன்னவ, சாவு காது குடுக்காதுன்னு சொன்னவ, கடைசில நம்மகிட்ட தண்ணி கேக்குறா.

"மியூசியத்துல தண்ணி ஊத்த விடுவாங்களா?"

"விட மாட்டாங்கக்கா. ஆனா கையில ஒண்ணும் இல்லன்னா வாயால சொன்னாப் போதும்னு பழைய கல்லுலயே எழுதியிருக்கு."

"அப்ப இப்பச் சொல்லு. நானும் சொல்றேன்."

சொன்னேன். ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஓடுற தண்ணி, வடக்குக் காத்து, தைம்ஹோடெப்போட 'கா'வுக்கு, குரல் உண்மையானவளுக்கு. அக்கா பின்னாடியே சொல்லிக்கிட்டு வந்து பேர்ல தடுக்கி நின்னுச்சு, மறுபடி சொல்லுன்னுச்சு. தை, இம், ஹோ, டெப்னு பிரிச்சுச் சொன்னேன். ரெண்டாவது தடவ சரியாச் சொல்லிட்டு, மூச்சு விடாம அதோட சேத்து அம்மா பேரையும் சொல்லிடுச்சு.